ஏக்கர் ஒன்றுதான், கல் ஏன் கூடுகிறது?

கேள்வி: பாகப் பிரிவினையில் என் கணவருக்கு ஒரு ஏக்கர், அவருடைய அண்ணனுக்கு ஒரு ஏக்கர் வந்தது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் இரண்டு வீட்டாரும் ஒரே ஆளிடம் வேலி பேசினோம். பத்தடிக்கு ஒரு கல்கால், ஐந்து வரிசை முள்கம்பி. அண்ணன் நிலத்துக்கு 84 கல் நட்டு வேலையை முடித்துவிட்டார். எங்களுக்கு 146 கல் வேண்டும் என்கிறார். ஏன் என்று கேட்டால், "உங்க இடம் நீளம்மா" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் நிலம் 198-க்கு 220 அடி. எங்களுடையது 66-க்கு 660 அடி. ஒரு மூலையிலிருந்து 220 அடிக்கு அண்ணன் நிலம் எங்கள் நிலத்தை ஒட்டியே வருகிறது. ஆறாவது படிக்கும் மகள் இரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்கிறாள். அண்ணனும் வேலிக்காரரும் சேர்ந்து எங்களை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. எங்கள் கிணறு வட்டமானது. அதைச் சுற்றியும் வேலி போட வேண்டும், அதை எப்படி அளப்பது?

வாசகி, காரிமங்கலம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பதில்: அம்மா, வேலிக்காரர் மேல் தப்பில்லை, அண்ணன் மேலும் தப்பில்லை. நானும் தாளும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

198-ஐ 220-ஆல் பெருக்கினால் 43,560. 66-ஐ 660-ஆல் பெருக்கினாலும் அதே 43,560 சதுர அடி, முழுசாக நூறு சென்ட். மகள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது எத்தனை வண்டி எரு அடிக்கலாம், எவ்வளவு விதை வேண்டும் என்று பார்க்கிற கணக்கு. வேலி நிலத்துக்குள் போகிறதா என்ன? ஓரமாகத்தானே ஓடுகிறது. அதற்குப் பெருக்கக் கூடாது, நான்கு பக்கத்தையும் கூட்ட வேண்டும். அண்ணன் நிலம் 198, 220, மறுபடி 198, 220. மொத்தம் 836 அடி. உங்கள் நிலம் 66, 660, மறுபடி 66, 660. மொத்தம் 1,452 அடி. ஒரு சுற்றுக்கு 616 அடி கூடுதல், ஐந்து வரிசைக்கு 3,080 அடி கம்பி கூடுதல்.

கல்லையும் எண்ணிவிடுவோம். 198 அடிக்கு 20 இடைவெளி, 220 அடிக்கு 22. நான்கு பக்கமும் சேர்த்தால் 84. உங்கள் 66 அடியில் பத்துப் பத்தாக ஆறு இடைவெளி போனால் ஆறடி மிஞ்சும். அதனால் ஏழாக்கி, ஒவ்வொன்றையும் ஒன்பதரை அடிக்குச் சற்றுக் குறைவாக வைக்க வேண்டியிருக்கும். நீளப் பக்கத்துக்கு 66 இடைவெளி. ஆக 146. மனுஷர் ஒரு கல்கூட ஏற்றிச் சொல்லவில்லை. மூலைகளுக்கு வைக்கும் முட்டுக்கால் மட்டும் இதில் சேரவில்லை. அதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

சுற்றி வந்து மூடுகிற வேலிக்கு எத்தனை இடைவெளியோ அத்தனை கல், ஏனென்றால் தொடங்கிய கல்லிலேயே வந்து முடிகிறது. நேராக ஓடி நின்றுவிடும் வேலிக்கு ஒரு கல் கூடும். இது நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். வீட்டுக்குப் பின்னால் 60 அடி நேர் வேலிக்கு ஆறு கல் போதும் என்று வண்டியில் ஏற்றி வந்தேன். கடைசி முனையில் கம்பியை இழுத்துக் கட்டக் கல் இல்லை. ஒற்றைக் கல்லுக்காக இன்னொரு நடை வண்டி வாடகை!

மகளிடம் கட்டம் போட்ட கணக்கு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். பதினாறு கட்டங்களை நாலுக்கு நாலாக வரைந்து ஓரத்தை எண்ணினால் 16 வரும். அதே பதினாறை எட்டுக்கு இரண்டாக வரைந்தால் 20. ஒரே வரிசையாக நீட்டினால் 34. கட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓரம் மட்டும் இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. அப்புறம் நாலுக்கு நாலில் மூலைக் கட்டம் ஒன்றை அழித்துவிட்டு எண்ணட்டும். ஓரம் குறைந்திருக்கும் என்று நினைப்பாள், அதே 16 நிற்கும். மூலைக்குப் பதிலாக ஓரத்தின் நடுவில் ஒரு கட்டத்தை அழித்தால் 18 ஆகிவிடும். உங்கள் நிலத்தின் மூலையில் மோட்டார் அறைக்குச் சதுரமாக இடம் ஒதுக்கி அதை வேலிக்கு வெளியே விட்டாலும் ஒரு அடி கம்பிகூட மிச்சமாகாது என்பதும் இதே கணக்குதான்.

நம் பக்கத்தில் பாகம் பிரிக்கும்போது நிலம் இப்படி ரிப்பனாக நீள்வது சகஜம். எல்லோருக்கும் தடம் வேண்டும், எல்லோருக்கும் கிணற்றுத் தண்ணீர் வேண்டும், அதனால் ஆளுக்கொரு கீற்று. நியாயம்தான், ஆனால் வேலி போடும்போதுதான் அதன் செலவு தெரிகிறது. நாளைக்கு உங்கள் ஏக்கரை இரண்டாகப் பிரிக்க நேர்ந்தால் என்ன ஆகும் பாருங்கள். நீளவாக்கில் கிழித்தால் 33-க்கு 660. அரை ஏக்கருக்கு 1,386 அடி வேலி, அண்ணனின் முழு ஏக்கரைவிட அதிகம்! குறுக்கே வெட்டினால் 66-க்கு 330. அதே அரை ஏக்கர் 792 அடியில் முடிந்துவிடும். குறுக்கே வெட்டினால் பின்னால் இருப்பவருக்குத் தடம் விட வேண்டும், அது வேறு பஞ்சாயத்து.

முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நீங்களே அளந்துவிடுங்கள். பட்டாவில் பரப்பு மட்டும்தான் இருக்கும். பக்க அளவுகள் புலப்படத்தில், அதாவது நிலத்தை அளந்து வரைந்த சர்வே வரைபடத்தில் இருக்கும், அதுவும் மீட்டரில். 3.28-ஆல் பெருக்கினால் அடி வரும். உங்கள் 660 அடி அங்கே 201 மீட்டர் சொச்சமாகத் தெரியும். புலப்பட அளவு கிடைமட்டமாக எடுத்தது. நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் தரையோடு டேப் பிடிக்கும்போது கொஞ்சம் கூடும், கம்பிக்கு அந்த அளவுதான் சரி. இன்னொன்று, பள்ளிக்கூடத்துச் சூத்திரமான 'இரண்டு முறை நீளமும் அகலமும்' எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டுமே சரிவரும். ஒரு பக்கம் 66, எதிர்ப்பக்கம் 71 என்றால் சூத்திரத்தை மறந்துவிட்டு நான்கையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். முக்கோணத் துண்டு என்றால் மூன்று பக்கம், அவ்வளவுதான்.

இனி கிணறு. வட்டத்துக்குப் பக்கம் கிடையாது, விட்டத்தை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுக்க வேண்டும். கிணற்றின் குறுக்கே 28 அடி என்றால் சுற்று 88 அடி. விளிம்பிலேயே கல் நட முடியாது, மண் சரியும். மூன்றரை அடி தள்ளி நட்டால் குறுக்களவு 35 ஆகும், சுற்று 110. கூடியது 22 அடி. வேடிக்கை என்னவென்றால், கிணறு 14 அடியாக இருந்தாலும் 70 அடியாக இருந்தாலும் மூன்றரை அடி தள்ளினால் கூடுவது அதே 22 அடிதான். மகளே போட்டுப் பார்க்கட்டும். கிணற்றுக்கு மேலே டேப் பிடித்து எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். கல் நடும் இடத்தில் சுற்றிக் கயிறு போட்டு, கயிற்றை அளந்தாலே போதும். ஓரம் குறைவாகவும் உள்ளிடம் அதிகமாகவும் கிடைப்பது வட்டத்தில்தான். ஒகேனக்கல் பரிசலின் விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். உங்கள் ஏக்கரே வட்டமாக இருந்திருந்தால் 740 அடி வேலியோடு போயிருக்கும். ஆனால் வட்ட வட்டமாக நிலத்தைப் பிரித்தால் நடுவில் மிஞ்சும் சந்துகளை யார் உழுவது?

கடைசியாக, உங்களுக்கு நிஜமாகவே காசு மிச்சமாகும் இடம். அண்ணன் நிலம் 220 அடிக்கு உங்களை ஒட்டி வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அவர் வேலி ஏற்கனவே நிற்கிறது. அதை ஒட்டி நீங்களும் இன்னொரு வேலி போட்டால் ஓணான் ஓடுவதற்கு ஒரு சந்து உண்டாகும், வேறு பயன் இல்லை. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, உங்கள் கம்பியின் இரண்டு முனைகளையும் அவருடைய கல்லில் கட்டிக்கொண்டால் 1,452 என்பது 1,232 அடியாகிறது. அவர் பக்கத்தில் 23 கல் இருக்கிறது, உங்களுக்கு 146 போய் 123 போதும். முறைப்படி அந்த 220 அடிக்கு ஆன செலவில் பாதியை அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அப்போதும் உங்களுக்கு லாபம், அவருக்கும் பாதிப் பணம் திரும்புகிறது.

கணவரை அனுப்பாமல் நீங்களும் கூடவே போய்க் கேளுங்கள். போகும்போது அந்த 146 கல் சந்தேகத்தை மட்டும் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள்.