கொடியைக் கட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்

ஆகஸ்ட் நெருங்கினால் தேசியக் கொடி பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி, “இப்படிச் செய்தால் கேஸ் ஆகுமா சார்?” என்ற ரகம்தான். பல வருடம் பள்ளிக் கொடிமரத்தடியில் நின்ற உடற்கல்வி ஆசிரியன் நான். சட்டம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கெடுபிடியானது இல்லை. சொதப்புவது பெரும்பாலும் கயிற்றிலும் முடிச்சிலும்தான்.

மொட்டை மாடியில் கட்டிய கொடியைச் சாயங்காலம் இறக்கியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. முன்பு சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் அனுமதி. 2022 ஜூலையில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, திறந்த வெளியிலும் வீட்டிலும் இரவு பகலாகப் பறக்கலாம். சுதந்திர தினம், குடியரசு தினம் என்று நாள் பார்க்கவும் வேண்டாம். 2002 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. மரியாதையோடு கொடி பறக்கவிடுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமும் 2004-ல் சொல்லிவிட்டது.

ஆனால் கட்டிவிட்டு மறந்துபோகாதீர்கள். ஆடிக் காற்று மிச்சமிருக்கும் நேரம் அது. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிய கொடி, கம்பத்துக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில்தான் முதலில் நூல் பிரியும். கிழிந்த, கசங்கிய கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது விதி. இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாடி ஏறிப் பாருங்கள்.

போன குடியரசு தினத்தில் சிறப்பு விருந்தினர் இழுத்தும் கொடி அவிழவே இல்லை. மானம் போய்விட்டது. எப்படிக் கட்டுவது?

இந்த அவமானம் எனக்கும் நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், விருந்தினர் மூன்று தடவை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கொடி விரிந்தது, பச்சை மேலே. அறுநூறு பிள்ளைகள் முன்னால் அதை இறக்கித் திருப்பிக் கட்டிய அந்த இரண்டு நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் செய்வது இதுதான். முதலில் காவிப் பக்கத்து வளையத்தைத் தொட்டுப் பார்த்து, மேலே போகும் கயிற்றில் அதைக் கட்டுவேன். அப்புறம் கொடியை மடித்து உருளையாகச் சுருட்டி, கீழ்க்கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் கயிற்றை மடக்கி ஒரு கண்ணியை மட்டும் உள்ளே செருகுவேன். முடிச்சே போடக் கூடாது. நல்லதாக இருக்கட்டும் என்று இன்னொரு சுற்றுச் சுற்றுகிறார்களே, அதுதான் வினை. மேலே ஏற்றுவதற்கு முன்பு, ஒருவர் உருளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இழுத்துப் பார்க்க வேண்டும். அவிழ்ந்தால், அதே மாதிரி மறுபடி கட்டி ஏற்றலாம்.

சுருட்டும் கொடிக்குள் பூ வைப்பதற்கு விதியிலேயே இடம் உண்டு. உதிரி இதழ் மட்டும், அதுவும் ஈரம் போக உலர்த்தியது. தண்ணீர் தெளித்த ரோஜா இதழ் துணியோடு ஒட்டிக்கொள்ளும், வெள்ளையில் கறையும் விழும். கம்பத்தின் உச்சியில் மாலை, பூ எதுவும் கட்டக் கூடாது.

ஒரு விஷயம்: மேலே கட்டிவைத்து அவிழ்ப்பது ஜனவரி 26-ன் வழக்கம். ஆகஸ்ட் 15-ல் கீழிருந்து ஏற்றுவதுதான் மரபு. ஏற்றும்போது விறுவிறுவென்று, இறக்கும்போது மெதுவாக.

எங்கள் குடியிருப்பில் யார் கொடியேற்றுவது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை. பதவியில் இருப்பவர்தான் ஏற்ற வேண்டுமா?

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. காவலாளி ஏற்றலாம், பத்தாம் வகுப்புப் பெண் ஏற்றலாம். யார் ஏற்றுவது என்பது நாட்டுக்கே ஒரு காலத்தில் பிரச்சினையாக இருந்ததுதான். மாநிலங்களில் சுதந்திர தினக் கொடியை ஆளுநர்களே ஏற்றிவந்தார்கள். அந்த உரிமை முதல்வர்களுக்கு வேண்டும் என்று கருணாநிதி வாதாடி வாங்கியது 1974-ல்.

சங்கக் கொடியை அதே கம்பத்தில் கீழே கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தேசியக் கொடி இருக்கும் கம்பத்தில் வேறு கொடிக்கு இடமில்லை.

சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் காவி எந்தப் பக்கம்?

எதிரே நின்று பார்ப்பவருக்கு இடது பக்கம்.

என் காரின் முன்னால் சின்னக் கம்பியில் கொடி வைக்கலாமா?

கூடாது. அது குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள், நீதிபதிகள் போன்ற சிலருக்கு மட்டுமான சலுகை. பானெட்டில் போர்த்துவதும் தவறு.

மூவர்ணக் கேக் வெட்டினால் குற்றமா?

கோயம்புத்தூரில் 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில், அசோகச் சக்கரத்தோடு மூவர்ணக் கேக் வெட்டியது வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அவமதிக்கும் நோக்கம் இல்லாதபோது அது குற்றமாகாது என்று 2021-ல் தீர்ப்பு வந்தது. 1971-ம் வருடத்துச் சட்டப்படி கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை உண்டு என்பதால் இந்தப் பயம் நியாயம்தான். என்னைக் கேட்டால், சக்கரத்தை விட்டுவிட்டு மூன்று நிறத்தோடு நிறுத்திக்கொள்வேன். கத்தி வைக்கும்போது கை கூசும். உடையைப் பொறுத்தவரை, இடுப்புக்குக் கீழே அணிவது, கைக்குட்டை, தலையணை உறை இவற்றில் கொடியைப் போடுவது எல்லாம் சட்டப்படியே தவறு.

ஊரே மதித்த எங்கள் ஆசிரியர் இறந்தபோது கொடி போர்த்த நினைத்தோம். சிலர் தடுத்தார்கள். அவர்கள் செய்தது சரியா?

சரிதான். அரசு மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு, ராணுவம், துணை ராணுவம், இவற்றுக்கு மட்டும்தான் அது. அங்கேயும் கொடி சிதையில் எரியாது, குழிக்குள்ளும் போகாது. முன்பே எடுத்துவிடுவார்கள்.

பழைய கொடியை என்ன செய்வது? குப்பையில் போட மனம் வரவில்லை.

போடவும் கூடாது. தனியான இடத்தில், முழுசாக எரித்துவிடுவது நல்லது என்கிறது விதித்தொகுப்பு. மரியாதை குறையாத வேறு வழியும் சரியே. 2021 டிசம்பர் கடைசியிலிருந்து பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி உண்டு என்பதால், இப்போது பல வீடுகளில் இருப்பது அதுதான். கதர் சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சொட்டும், புகை நாறும். அதை மடித்து, ஒரு பெட்டியில் வைத்துப் புதைப்பதே மேல். கதரை எரித்தால் அணையும் வரை அங்கேயே நில்லுங்கள். காற்றில் பாதி கருகிய துண்டு பறந்துபோய் அடுத்த வீட்டு வாசலில் விழுந்த கதையெல்லாம் உண்டு.