வாசகர் கேள்வி-பதில்: 1905இன் தேநீர் விருந்துக்கு என்ன உடுப்பது?

கேள்வி: உயர்தரப் பரீட்சை முடிந்ததும் வகுப்புத் தோழிகள் சேர்ந்து தேநீர் விருந்து வைக்கிறோம். எல்லோரும் 1905ஆம் ஆண்டு மாதிரி உடுத்து வரவேண்டும். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் மினுங்கும் சாட்டின் கவுண்தான். தைக்கக் கொடுப்பதென்றால் என்ன சொல்லிக் கொடுப்பது?
– மாணவி, கல்லடி

பதில்: சாட்டினை விடுங்கள். அந்தக் காலத்துப் பகல் விருந்துக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தியும் ரேந்தையும்தான் அழகு. நம்முடைய வெக்கைக்கும் அதுதான் தோது. கழுத்தை மூடிய வெள்ளை பிளவுஸ், கணுக்கால் வரை இறங்கும் பாவாடை, இவ்வளவும் போதும். பாவாடைக்குப் பதில் சாறியும் பொருந்தும். அக்கால இலங்கைப் படங்களில் ரேந்தை வைத்த நீளக்கைச் சட்டையும் தோளில் புரோச் குத்திய சாறியும் இருக்கின்றன.

கவனம் முழுக்க பிளவுஸின் கையில் இருக்கட்டும். "பழைய காலத்துக் கை" என்று மட்டும் சொன்னால் தையற்காரர் தோளில் பஃப் வைத்துத் தந்துவிடுவார். அது 1895 பாணி. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோள் பக்கம் அமுங்கி, உப்பல் முழங்கைக்குக் கீழே இறங்கிவிட்டது. கையின் அடிச்சுற்றளவை 18 அங்குலம் வெட்டி, சுருக்குப் பிடித்து, 7 அங்குலச் சுற்றும் 2 அங்குல அகலமும் உள்ள பட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டிக்குத் திறப்பும் இரண்டு பொத்தானும் வேண்டும். கை நீளத்தில் 2 அங்குலம் கூட்ட மறந்தால் உப்பல் தொங்காது. கோப்பையைத் தூக்கும்போது முழங்கையில் இழுக்கும். 36 அங்குல அகலத் துணியென்றால் பிளவுஸுக்கு மட்டும் ஒருவருக்கு இரண்டரை யார் வாங்குங்கள்.

கொலருக்கு ஒன்றரை அங்குல உயரம் அளவானது. இருந்தபடி, நாடியைத் தாழ்த்தி அளவெடுங்கள். நின்று அளந்த கொலர் இருந்ததும் நாடியில் குத்தும். உள்ளே இரண்டு விரல் நுழைய இடம் விடாவிட்டால் வியர்வையில் கழுத்து உரசிச் சிவந்துவிடும்.

கடைப் புது ரேந்தை பளீரென்ற வெள்ளையாக இருக்கும். தேயிலைச் சாயத்தில் அதைப் பழுப்பாக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி தேயிலைத்தூள் போட்டு, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியில் வடியுங்கள். ரேந்தையை முதலில் பச்சைத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்தபடி போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கால் மணிநேரம் கிளறிக்கொண்டே ஊறவிட்டு, அலசி, நிழலில் காயவிடுங்கள். இரும்புச் சட்டி கூடவே கூடாது. தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் சாம்பல் நிறமாகிவிடும். காவி படியும் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். பொலியெஸ்டர் ரேந்தையில் இந்தச் சாயம் ஏறாது. ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

கேள்வி: எங்கள் வகுப்பு விருந்தும் அதே காலம்தான். ஆண்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயமா?
– மாணவன், கல்முனை

பதில்: இல்லை. வேட்டி, கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட், தலைப்பாகை எடுப்பாக இருக்கும். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் படங்களைப் பாருங்கள், தலைப்பாகை கட்ட அவையே வழிகாட்டி. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆண்களிடம் அது பரவியது 1914–18 யுத்தத்துக்குப் பிறகுதான். அதற்குமுன் சட்டைப்பைக் கடிகாரமும் சங்கிலியும்தான்.

கேள்வி: வெளியில் வைக்கும் விருந்து. கச்சான் காற்றில் அகலத் தொப்பி நிற்குமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: தலைமுடியைப் பொறுத்தது. அன்று குளித்து எண்ணெய் வைக்காத முடியை உப்பலாக வாரி, உச்சியில் கொண்டை போடுங்கள். நீண்ட தொப்பி ஊசியைத் தொப்பியில் ஏற்றி, கொண்டைக்குள்ளால் எடுத்து, மறுபக்கம் தொப்பியிலேயே வெளியே வரவிடுங்கள், எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. எண்ணெய் முடியில் ஊசி வழுக்கிவிடும். ஊசி முனையில் சிறு ரப்பர் துண்டு செருகுங்கள், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குப் பாதுகாப்பு. ஊசி இல்லையென்றால் கறுப்பு இலாஸ்டிக்கைக் கொண்டைக்குக் கீழே பின்கழுத்தோடு மாட்டலாம். நாடிக்குக் கீழே மாட்டினால் சிறுபிள்ளைத் தொப்பி போலாகிவிடும். பனையோலைத் தொப்பி கிடைத்தால் இன்னும் நல்லது, பாரம் குறைவு. மேசைக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றவேண்டாம், விருந்தாளிப் பெண்கள் அதோடுதான் தேநீர் குடித்தார்கள். கையுறையை மட்டும் சாப்பிடமுன் கழற்றி மடியில் வையுங்கள்.