டியூக்கை ஜெயித்தால் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகன் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். 2022 கூடைப்பந்து அணியின் படத்தை அறையில் பெரிதாக மாட்டி வைத்திருக்கிறான். கோப்பை ஜெயித்த வருடமா என்று கேட்டேன். இல்லையாம், இறுதிப்போட்டியில் கான்சஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்களாம். ஆனால் அரையிறுதியில் பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகமான டியூக்கை ஜெயித்தோமே என்கிறான். நீங்களும் அந்த அணியின் ரசிகர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியவில்லையா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிறுபிள்ளைத்தனம்தான், சந்தேகமே வேண்டாம். என் வீட்டிலும் அந்தப் படம் இருக்கிறது.

எங்கள் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லுக்கும் டியூக் இருக்கும் டர்ஹாமுக்கும் நடுவே பத்து மைல்தான். தோற்றுவிட்டு ஊருக்குப் போய் மறந்துவிடலாம் என்றால் முடியாது. ஜெயித்தவன் மறுநாள் பெட்ரோல் பங்கில் நமக்கு முன்னால் நிற்பான். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரே டியூக் ஆள். நல்ல மனிதர், வருடத்துக்கு இரண்டு வாரம் தவிர.

ஒரு தடவை அவரோடு டியூக்கின் கேமரன் அரங்குக்குப் போனேன். 1940-இல் கட்டியது, பத்தாயிரம் பேர்கூடக் கொள்ளாது. டிக்கெட் வரிசைக்காக வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் குளிரில் கிடந்த மாணவர்கள் உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசிக்கொண்டு கோர்ட்டை ஒட்டியே நிற்கிறார்கள். எல்லைக்கோட்டில் நின்று பந்தை உள்ளே போட வந்த எங்கள் பையனின் முதுகுக்குப் பின்னால் ஐம்பது கைகள் நெளிந்தன. எந்த விரலும் அவனைத் தொடவில்லை. ஆனால் அவன் பிடரி சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

சரி, 2022-க்கு வருகிறேன். டியூக்கின் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கிக்கு அது 42-ஆவது, கடைசி சீசன். மார்ச் 5-ஆம் தேதி கேமரன் அரங்கில் அவருடைய கடைசி ஆட்டம், எங்களுக்கு எதிராக. அவரை வழியனுப்ப அவருடைய பழைய வீரர்கள் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பையன்கள் 94-81 என்று ஜெயித்து விழாவைக் கெடுத்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வாரம் கழித்து சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் தேசியத் தொடரின் அரையிறுதி, மறுபடியும் டியூக். 1920-இலிருந்து மோதிக்கொள்ளும் இந்த இரண்டு அணிகளும் தேசியத் தொடரில் சந்தித்தது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் எனக்கு இருந்தது ஆசை அல்ல, பயம். அவர்கள் ஜெயித்தால் மார்ச் 5 செல்லாக்காசு. அப்புறம் ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

முன்னிலையில் இருந்தாலும் நான் நிம்மதியாக உட்கார மாட்டேன். 2012-இல் எங்கள் அரங்கிலேயே கடைசிச் சில நிமிடங்களில் பத்துப் புள்ளி முன்னால் இருந்தோம். மணி அடிக்கும்போது டியூக்கின் ஆஸ்டின் ரிவர்ஸ் தூரத்திலிருந்து எறிந்த த்ரீ பாயிண்டர் (மூன்று புள்ளி தரும் எறி) உள்ளே போய் 85-84 என்று தோற்றோம். (1974-இல் நாங்களும் அவர்களுக்கு இதைச் செய்திருக்கிறோம். 17 விநாடியில் எட்டுப் புள்ளிப் பள்ளத்தை நிரப்பினோம், அதுவும் த்ரீ பாயிண்டர் விதியே இல்லாத காலத்தில். டியூக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.)

நியூ ஆர்லியன்ஸில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது எங்களுக்கு 75, அவர்களுக்கு 74. டியூக்கின் மார்க் வில்லியம்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி வாய்ப்புகள். இரண்டும் தவறின. நான் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு டிவி சத்தத்தை நிறுத்தியிருந்தேன். மறுமுனையில் எங்கள் கேலப் லவ். ஏழடி உயர வில்லியம்ஸ் கையை நீட்டிக்கொண்டு எதிரே வர, அவர் தலைக்கு மேலாகவே பந்தை எறிந்தான். சத்தமில்லாமல் வலை ஆடியது. 25 விநாடி மிச்சம். கடைசியில் 81-77.

நான் குதிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கான்சஸுக்கு எதிராக இடைவேளையில் 15 புள்ளி முன்னால் இருந்து 72-69 என்று தோற்றோம். வலித்ததா? வலித்தது. ஆனால் கான்சஸ்காரர் யாரும் எனக்குப் பக்கத்து மேசையில் இல்லையே. செவ்வாய்க்கிழமை காலை டியூக் நண்பர் காபிக் கோப்பையோடு வந்து, "நேற்று இரண்டாவது பாதியில் என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தார். சனிக்கிழமை ஸ்கோர் என்ன என்று கேட்டேன். காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.