பூட்டு, சாவி, பில்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். போனில் ஒரு தொகை சொன்னவர், நேரில் வந்ததும் "டிரில் போட்டால்தான் ஆகும்" என்றார். பூட்டும் போச்சு, ஐந்து மடங்கு பணமும் போச்சு. ஏமாந்தது என் தவறா?

பதில்: இல்லவே இல்லை. நடுராத்திரியில் வாசலில் நிற்பவருக்குப் பேரம் பேசத் தெம்பிருக்காது என்று தெரிந்தே வருகிற ஆட்கள் அவர்கள். உங்கள் கதவு சாத்தியிருந்ததே தவிர, பூட்டியிருக்கவில்லை. சாத்தியதும் தானாகப் பிடிக்கும் ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான் பிடித்திருந்தது. கைதேர்ந்தவர் பெரும்பாலும் அதை உடைக்காமலே திறந்துவிடுவார். டிரில் கடைசி வழி. இனி போனிலேயே கேளுங்கள்: உடைக்காமல் திறப்பீர்களா, மொத்தம் எவ்வளவு? அப்புறம், இது உங்கள் வீடுதானா என்று விசாரிக்காமல் வேலையைத் தொடங்குபவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: புதிதாக வெட்டிய மாற்றுச் சாவியை ஆட்டி ஆட்டித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம், தூசி சேரும். நகலைப் பார்த்து நகல் வெட்டியிருப்பீர்கள். முதல் சாவியைக் கொடுத்து மறுபடி வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பூட்டுத் தொழில் கற்க ஆசை. உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டு, சாவியில்லாமல் திறக்கக் கொக்கிக் கம்பிகள், சான்றிதழ் எல்லாம் சேர்த்து இரண்டு நாள் பயிற்சி என்கிறார்கள். சேரலாமா?

பதில்: அந்தக் கண்ணாடிப் பூட்டு என்னிடமும் ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதுதான். இப்போது மேசைமேல் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

சிலிண்டர் பூட்டுக்குள் 'பின்' என்ற சிறு உலோகக் குச்சிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சரியான சாவி நுழைந்தால், துண்டுகள் பிரியும் இடமெல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் சுழலும். கம்பியால் திறப்பவர் சிலிண்டரை லேசாகத் திருகிப் பிடித்து, எந்தப் பின் இறுகுகிறது என்று விரலால் உணர்ந்து, ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கண்ணாடிப் பூட்டில் கண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடும். விரல் எதையும் கற்காது. 1851-இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்திருந்த பிராமா பூட்டைத் திறந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. இங்கே இரண்டே நாளில் நிபுணராம்!

அதைவிட, கம்பி விடுவது இந்தத் தொழிலில் ஒரு சின்னப் பகுதிதான். சாவி வெட்டுவது, பின்களை மாற்றிப் பழைய பூட்டுக்குப் புதுச் சாவி அமைப்பது, கதவை உளியால் குடைந்து பூட்டுப் பொருத்துவது இவைதான் அன்றாட வேலை. வெட்டாத சாவியைப் பூட்டில் இட்டுத் திருகி, அதில் விழும் மங்கலான தடத்தைப் பார்த்து அரத்தால் ராவிச் சாவி செய்ய வைக்கிறார்களா? சொல்லித் தருபவர் இன்னமும் தொழில் செய்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் சேருங்கள். இல்லையென்றால், நல்ல பூட்டுக்காரர் ஒருவரிடம் உதவியாளாகப் போங்கள்.

கேள்வி: புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்து எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். ஆபத்தா?

பதில்: ஆம். பற்கள் தெளிவாகத் தெரிந்தால் படத்தைப் பார்த்தே சாவி வெட்டலாம். படத்தை நீக்கிவிட்டு, பின்களை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கார் சாவிக்கு மலிவாக நகல் வெட்டினேன். கதவு திறக்கிறது, என்ஜின் கிளம்பவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: சாவிக்குள் சிப் இருக்கும் வண்டி அது. நகலிலும் சிப் வைத்து, அதை வண்டியில் பதிய வேண்டும். என்ஜின் கிளம்புமா என்று கேட்டீர்களா? ரசீதாவது வாங்கினீர்களா?