இறுக்க இறுக்க ஏன் கசிகிறது?

கேள்வி: காரில் வால்வ் கவர் கேஸ்கட்டை (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை) நானே மாற்றினேன். இரண்டே வாரத்தில் ஓரத்தில் ஆயில் கசிந்தது. போல்ட்டுகளை இன்னும் இறுக்கினேன், கசிவு கூடிவிட்டது. கேஸ்கட் மட்டமானதா?

பதில்: கேஸ்கட்டைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் கையைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அங்கே ஆயிலைத் தடுத்து நிறுத்துவது போல்ட்டின் பலம் இல்லை, நசுங்கிய ரப்பர் திரும்ப எழும்பப் பார்க்கிறதே அந்தத் துள்ளல்தான். அளவுக்கு மேல் நசுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும், தகரக் கவர் என்றால் போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து இரண்டு போல்ட்டுக்கு நடுவே மேலே தூக்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் கவர் கீறல் விடும், எல்லாவற்றையும்விட மோசம், கவர் உட்காரும் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடுவது.

பல கார்களில் இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு இறுக்கும் அளவு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான், உங்கள் இன்ஜினுக்கான சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) இதற்கு உதவாது, அவ்வளவு குறைந்த அளவை அது சரியாகக் காட்டாது. கால் அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ள சின்னது வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? இன்ஜின் ஆறியபின் கவரைக் கழற்றி, சமமான கண்ணாடிமேல் கவிழ்த்து வளைந்திருக்கிறதா பாருங்கள். பிதுங்கிய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். இரண்டு பரப்பிலும் துளி எண்ணெய் இல்லாமல் துடையுங்கள் (பாதிக் கசிவு இங்கேதான் பிறக்கிறது, யாரும் நம்புவதில்லை). சிலிக்கான் சீலண்டை, டைமிங் கவர் (டைமிங் செயினை மூடும் மூடி) ஹெட்டோடு சேரும் மூலைகள் மாதிரி மேனுவல் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு வையுங்கள், சுற்றிலும் பூசினால் ரப்பர் வழுக்கி நகரும். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் முடுக்கிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் குறுக்கும் மறுக்குமாகப் பாதி அளவு, அப்புறம் அதே வரிசையில் முழு அளவு. சில போல்ட்டுகள் தோளில், அதாவது தண்டின் தடித்த பகுதியில், போய் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் திருகினால் போல்ட்தான் முறியும்.

இதற்குப் பிறகும் கசிந்தால் பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் வால்வு) பாருங்கள். அது அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, எந்தப் புதுக் கேஸ்கட்டையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும்.

கேள்வி: கார்க் (தக்கை) கேஸ்கட்டுக்கும் இதே கணக்கா?

பதில்: ஏறக்குறைய. கார்க் நாளாக நாளாக அமுங்கும், அதனால் சில நாள் ஓட்டிய பிறகு ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்க்கலாம். ரப்பரை அப்படித் தொடத் தேவையில்லை.