மேல் அம்புக்குறி, என்டர், மறுபடியும் மேல் அம்புக்குறி

கேள்வி: அண்ணா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேனுங்க. எம்பிராய்டரி டிசைன் ஃபைல்கள் எங்கள் லினக்ஸ் சர்வரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். வந்துவிட்டதா என்று பார்க்க நாள் முழுக்க மேல் அம்புக்குறியும் என்டரும் தட்டிக்கொண்டே இருக்கிறேன். கமாண்டைத் தானாகவே திரும்பத் திரும்ப ஓட வைக்க வழி இருக்குதுங்களா?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: இருக்குதுங்க தம்பி. உங்கள் சர்வரில் வாட்ச் என்ற கமாண்ட் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். அதை அடித்து, ஒரு இடம் விட்டு, ஃபோல்டரில் உள்ளதைப் பட்டியலிட நீங்கள் எப்போதும் அடிக்கும் எல்எஸ் வரியை அப்படியே பக்கத்தில் எழுதினால் 2 விநாடிக்கு ஒருமுறை அதுவே ஓட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். டிசைன் ஃபைலுக்கு அவ்வளவு அவசரம் வேண்டாம், வாட்சுக்கு அடுத்து ஹைபன் என் 30 என்று போட்டு அரை நிமிஷமாக்குங்கள். ஹைபன் டி சேர்த்தால் போன தடவையிலிருந்து மாறியதைப் பளிச்சென்று காட்டும். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஹைபன் ஜி: ஃபோல்டரில் எதுவோ மாறியதைப் பார்த்ததும் வாட்ச் தானே நின்றுவிடும், வரியின் கடைசியில் ஒரு அரைப்புள்ளி வைத்து ஒலி எழுப்பும் கமாண்டைப் போட்டுவிட்டால் நீங்கள் பாட்டுக்கு வேறு வேலை பார்க்கலாம், சத்தம் கேட்டதும் வந்தால் போதும். ஒரு கமாண்டின் விடையை அடுத்ததுக்கு அனுப்பும் பைப் குறி (|) உள்ள கமாண்டாக இருந்தால் அதை முழுசாக மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் பைப் வாட்சோடு ஒட்டிக்கொள்ளும்.

சரி, ராத்திரி யாரும் இல்லாத நேரத்தில் ஓட வேண்டியதென்றால், குறித்த நேரத்தில் கமாண்டைத் தானே கிளப்பும் கிரான்தான். அதில் ஒரு நிமிஷத்துக்குக் கீழே போக முடியாது. வாட்ச், முன்னால் ஓடியது முடிந்த பிறகுதான் அடுத்ததை ஆரம்பிக்கும். கிரான் அதையெல்லாம் பார்க்காது, நேரம் ஆனதும் கிளப்பிவிடும். பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபைல்களை நகல் எடுக்க நான் கிரான் போட்டேன், ஒரு நகல் முடியவே 3 நிமிஷம் ஆகும் என்பதைக் கவனிக்கவில்லை. இரண்டு மூன்று சேர்ந்து டிஸ்க்கை மொய்க்க, 3 நிமிஷம் 10 ஆகி, காலையில் போய்ப் பார்த்தால் அதே வேலை அடுக்கடுக்காக ஓடிக்கொண்டிருந்தது, ஷிஃப்ட் ரிப்போர்ட் எடுக்க வந்த சூப்பர்வைசர் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து கிரானில் எந்தக் கமாண்டுக்கும் முன்னால் எஃப்லாக் ஹைபன் என் என்று எழுதி ஒரு லாக் ஃபைலின் பெயரையும் கொடுத்துவிடுகிறேன். பழையது ஓடிக்கொண்டிருந்தால் புதியது பேசாமல் திரும்பிவிடும். அப்புறம், கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று நீங்கள் டெர்மினலில் வைத்திருக்கும் பாத் பட்டியல் கிரானுக்குத் தெரியாது, அதனால் கமாண்டின் முழுப் பாதையையும் எழுதுங்கள்.