இளம் தற்காப்பு அணிகள் ஏன் தடுமாறுகின்றன? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டங்களை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தை, இந்த ஆண்டு முதல் தொடர்ந்து பார்க்கிறேன். தற்காப்பில் ஆடுவோர் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள். வேகத்திலோ உடற்கட்டிலோ குறை தெரியவில்லை. ஆனாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் முப்பது, நாற்பது புள்ளிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் என்ன?

பதில்: வேகம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தாக்கும் அணிக்குப் பந்து எங்கே போகப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியும். தற்காப்பு அணி அதைப் பார்த்து, புரிந்துகொண்டு, அதற்குப் பிறகே ஓட வேண்டும். பார்ப்பதற்கும் ஓடுவதற்கும் இடையில் அரை நொடி தயங்கும் வேகமான இளைஞர், தயங்காத சுமாரான மூத்தவரைவிடத் தாமதமாகத்தான் வந்து சேர்வார். கபடியில் பாடி வருபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பிடிக்க நிற்பவர்களில் ஒருவர் அவசரப்பட்டுச் சங்கிலியை விட்டுப் பாய்ந்தால் மற்றவர்களின் உழைப்பும் வீணாகிவிடும். இங்கேயும் அப்படித்தான். பதினொருவரில் பத்துப் பேர் சரியாக நின்று, ஒருவர் மட்டும் தன் இடைவெளியை விட்டு விலகினாலும் அந்த இடைவெளி வழியாக அறுபது யார்டு ஓடி, எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டுவிடுவார்கள். தாக்கும் அணியில் ஒருவர் பிழை செய்தால் பெரும்பாலும் ஒரு டவுன்தான், அதாவது பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சிதான், வீணாகும். பத்து யார்டு முன்னேற நான்கு டவுன்கள் இருப்பதால் மீள வாய்ப்பு உண்டு. தற்காப்பில் செய்த ஒரு பிழை அப்படியே ஆறு புள்ளிகளாக மாறிவிடக்கூடும்.

கல்லூரி ஆட்டத்தின் விதிகளும் இந்தத் தயக்கத்தைத் தண்டிப்பதுபோல் அமைந்திருக்கின்றன. பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மைதானத்தின் அகலம் 160 அடி. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் உட்கோடுகள் இரண்டுக்கும் இடையே கல்லூரி ஆட்டத்தில் 40 அடி, தொழில்முறை என்.எஃப்.எல். ஆட்டத்தில் 18 அடி 6 அங்குலம்தான். ஆகவே கல்லூரி மைதானத்தில் பந்து ஓர் உட்கோட்டில் வைக்கப்பட்டால், ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் திறந்து கிடக்கும். அந்த நூறு அடியைக் காக்க வேண்டிய சேஃப்டிக்கு, அதாவது கடைசிக் காவலராகப் பின்னால் நிற்பவருக்குப், பத்தொன்பது வயது என்றால், எதிரணிப் பயிற்சியாளர் அவரைத்தான் குறிவைப்பார்.

அடுத்தது, ஓட்டமா வீச்சா என்று கடைசி நொடிவரை தெரியாத ஆட்டமுறை. பந்து வீசப்படுமுன் தாக்கும் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர்கள் கல்லூரி விதிப்படி மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்.எஃப்.எல்.லில் ஒரு யார்டுதான். அவர்கள் முட்டிக்கொண்டு முன்னேறுவதைக் காணும் இளம் லைன்பேக்கர் (தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்), ஓட்டம் என்று முடிவு செய்து இரண்டடி முன்னே வைப்பார். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டே அவர் விட்டு வந்த இடத்துக்குப் பந்தை எறிவார். வேறொரு முறையில், தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரை யாருமே தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அவர் பந்தோடு ஓடுவதாகத் தோன்றுபவரைத் துரத்தினால், குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓரமாக ஓடிவிடுவார். தன்னை யாரும் தடுக்கவில்லை என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகிக்கும் பழக்கம் பலமுறை ஏமாந்த பிறகே வரும். அந்த ஏமாற்றங்களைத்தான் நீங்கள் இந்த ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: 2024 முதல் பயிற்சியாளர் தலைக்கவசத்துக்குள்ளேயே பேசலாம் என்று படித்தேன். பிறகும் ஏன் குழப்பம்?

பதில்: முதல்நிலைப் பிரிவில் அந்த அனுமதி உண்டு. ஆனால் தற்காப்பில் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே குரல் கேட்கும். அடுத்த முயற்சியைத் தொடங்கக் கெடு வைக்கும் கடிகாரத்தில் பதினைந்து நொடி மிஞ்சும்போது அதுவும் துண்டிக்கப்படும். எதிரணி அதற்குப் பிறகுதான் ஆட்களை இடம் மாற்றி நிறுத்தும். அந்த மாற்றத்தைக் கண்டு, உரக்கச் சொல்லி, மற்ற பத்துப் பேரையும் நகர்த்துவது மைதானத்தில் நிற்பவரின் வேலை. இளையவர்களுக்குப் பெரும்பாலும் பதில் தெரியும். ஆயிரக்கணக்கானோர் இரையும் மைதானத்தில் அதை அதிகாரத்தோடு கத்திச் சொல்லத்தான் தயங்குகிறார்கள்.

கேள்வி: முதல் பாதியில் நன்றாக ஆடுபவர்கள் இரண்டாம் பாதியில் சரிவதற்குக் காரணம் சோர்வு மட்டும்தானா?

பதில்: சோர்வு பெரிய காரணம். ஆனால் அந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். தாக்கும் அணி ஆளை மாற்றினால்தான் தற்காப்பு அணிக்கும் ஆளை மாற்ற அவகாசம் கொடுக்கப்படும். ஆளை மாற்றாமல் அடுத்தடுத்து வேகமாக ஆடினால், களைத்த பிள்ளைகள் களத்திலேயே சிக்கிக்கொள்வார்கள். எதிரே நிற்கும் முன்வரிசைத் தடுப்பாளர்களில் பலர் 135 கிலோவுக்கு மேற்பட்டவர்கள், நான்கைந்து ஆண்டுகள் எடைப் பயிற்சி செய்தவர்கள். பதினெட்டு வயது உடல் அந்த மோதலை ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்று வரை தாங்கும். நான்காவதில் கால்கள் ஓய்ந்து, மார்பால் முட்டிப் பிடிப்பதை விட்டு, கையை மட்டும் நீட்டிப் பிடிக்கப் பார்ப்பார்கள். டேக்கிள், அதாவது ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது, தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். துணிச்சல் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதற்கும் இது பொருந்தும்: நவம்பரில் காயங்கள் சேரும்போது மாற்றாக வருபவர் இன்னும் இளையவராக இருப்பார்.

தம் அணியின் தாக்குதலையும் இங்கே விசாரிக்காமல் விடக்கூடாது. மூன்றே முயற்சிகளில் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட்டு வெளியேறும் தாக்குதல், தற்காப்பாளர்களுக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் தருவதில்லை. தன் எல்லைக்கோட்டிலிருந்து 25 யார்டு தூரத்திலேயே பந்தைப் பறிகொடுத்தால், அடுத்து வரும் டச்டவுனும் தற்காப்பின் கணக்கில்தான் எழுதப்படும். எனவே ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கொடுத்தார்கள் என்பதைவிட, எதிரணியின் ஒரு முயற்சிக்குச் சராசரியாக எத்தனை யார்டு கொடுத்தார்கள் என்ற எண் எனக்கு நியாயமானதாகப் படுகிறது.

கேள்வி: இவ்வளவு தெரிந்தும் அனுபவசாலிகளை வைத்துக்கொள்ளாமல் இளையவர்களை ஏன் இறக்குகிறார்கள்?

பதில்: வைத்துக்கொள்ள முடிவதில்லை. உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் ஆனதும் ஒருவர் என்.எஃப்.எல்.லுக்குப் போகலாம், மிகச் சிறந்தவர்கள் போய்விடுகிறார்கள். 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல் முதல் இடமாற்றத்துக்கு ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது; அதே ஆண்டு ஜூலையிலிருந்து மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு ஒரு லைன்பேக்கரை உருவாக்கினால், மூன்றாம் ஆண்டில் அவர் பெரிய இடத்துக்குப் போய்விடுகிறார். கற்றுத் தரும் நேரமும் சுருக்கம்: பருவ காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரமே கட்டாயப் பயிற்சிக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ.வின் விதி இடம் தருகிறது.

அனுபவத்தின் மதிப்புக்கு 2021ஆம் ஆண்டின் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியைச் சொல்வார்கள். அந்தத் தற்காப்பு ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளி அளவே கொடுத்துத் தேசியப் பட்டத்தை வென்றது. அதிலிருந்து ஐந்து பேர், என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2022 தேர்வின் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டார்கள், டிராவன் வாக்கர் முதல் ஆளாக. ஆனால் அவர்கள் போன பிறகும் ஜார்ஜியா அடுத்த ஆண்டு பதினைந்து ஆட்டங்களையும் வென்றதே என்று கேட்கலாம். வென்றது உண்மை. புதியவர்களை முந்தைய ஆண்டே மூத்தவர்களுக்கு மாற்றாக இறக்கிப் பழக்கியிருந்ததும், எந்த இடத்திலும் திறமைக்குப் பஞ்சமில்லாததும் அதற்குக் காரணங்கள். அந்த வசதி சில பல்கலைக்கழகங்களுக்கே உண்டு. மற்றவர்களுக்கு 2018இல் வந்த ஒரு விதி சிறிது கைகொடுக்கிறது: புதிய மாணவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டு, அவர் கல்லூரியில் ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளின் கணக்கில் கழிக்கப்படாது.

கேள்வி: அடுத்த ஆண்டு தேறுவார்களா என்பதை இப்போதே எப்படிக் கணிப்பது?

பதில்: புள்ளிப் பலகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு முயற்சியும் தொடங்குமுன் உள்ள ஐந்து நொடிகளைப் பாருங்கள். செப்டம்பரில் லைன்பேக்கர்கள் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அக்டோபர் இறுதியில் ஒருவரையொருவர் கைகாட்டி நகர்த்தத் தொடங்கிவிட்டால், தோற்றாலும் கற்கிறார்கள் என்று பொருள். ஒரே ஆட்டமுறையில் மூன்று வெவ்வேறு எதிரணிகள் புள்ளி எடுத்தால் மட்டும் பயிற்சியாளரைக் குறை சொல்லுங்கள். திட்டத்தை எளிதாக்கியிருக்க வேண்டியது அவருடைய வேலை. மற்றபடி, பருவம் முடிந்ததும் குளிர்காலத்தில் இவர்களில் எத்தனை பேர் அதே பல்கலைக்கழகத்தில் தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.